தேர்தல் காலத்தில் புலன்விசாரணைகளைப் பற்றிப் பொலிஸார் பகிரங்கமாகப் பேசலாமா?

கல்லடி ஆசிரியை எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பில் சாதாரண தர மாணவர்களுக்குக் குடியியற் கல்வி கற்பிக்கிறேன். தேர்தலும் சட்டத்தின் ஆட்சியும் பற்றிய பாடத்தின்போது மாணவி ஒருத்தி எழுப்பிய கேள்வி வகுப்பறையோடு முடிந்துவிடக் கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. தேர்தல் நடைபெறும் காலத்தில், வேட்பாளர் ஒருவரையோ அவர் சார்ந்த கட்சியையோ தொடுகின்ற விசாரணை பற்றிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரிகள் பகிரங்கமாகப் பேசுவது நீதியா, பேசாதிருப்பது நீதியா என்பதே அந்தக் கேள்வி.

பாடத்துக்கு உதாரணமாக நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் 2016ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல். ஹிலாரி கிளிண்டன் இராஜாங்கச் செயலாளராகப் பதவி வகித்தபோது தனிப்பட்ட மின்னஞ்சல் சேவையகத்தைப் பயன்படுத்தியமை குறித்து எப்.பி.ஐ. விசாரித்தது. அதன் பணிப்பாளர் ஜேம்ஸ் கோமி அவ்வாண்டு யூலை 5ஆம் திகதி செய்தியாளர்களை அழைத்து, வழக்குத் தொடருமாறு தாம் பரிந்துரைக்கப் போவதில்லை என அறிவித்தார். அதே உரையில், கிளிண்டனும் அவருடைய உதவியாளர்களும் மிகுந்த கவனயீனத்துடன் நடந்துகொண்டனர் என்றும் கூறினார். பின்னர் வேறொரு விசாரணையில் கைப்பற்றப்பட்ட மடிக்கணினியில் மேலும் மின்னஞ்சல்கள் இருப்பது தெரியவரவே, வாக்களிப்புக்கு 11 நாட்கள் இருக்கையில், ஒக்டோபர் 28ஆம் திகதி அதனை அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸுக்குக் கடிதம் மூலம் அறிவித்தார். கடிதம் சில நிமிடங்களில் ஊடகங்களுக்குச் சென்றுவிட்டது. முன்னைய முடிவில் மாற்றமில்லை என்ற இரண்டாவது கடிதம் நவம்பர் 6ஆம் திகதி வந்தது. 8ஆம் திகதி வாக்களிப்பு. இதே காலத்தில் டொனால்ட் ட்ரம்ப்பின் பிரசாரக் குழுவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையில் தொடர்பு இருந்ததா என்ற விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. அது 2016 யூலை இறுதியில் தொடங்கியிருந்தும், 2017 மார்ச் 20ஆம் திகதி வரை கோமி அதனைப் பகிரங்கமாக உறுதிப்படுத்தவில்லை.

இவற்றைச் சொன்னதும் அந்த மாணவி, “ஒன்றைச் சொன்னார், மற்றதைச் சொல்லவில்லை, இவற்றில் எது பிழை?” என்று கேட்டாள்.

கேள்வி அமெரிக்காவோடு நிற்கவில்லை. 2025 ஏப்ரல் 8ஆம் திகதி, கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தன் மட்டக்களப்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினரால் கைது செய்யப்பட்டார். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் சிவசுப்பிரமணியம் ரவீந்திரநாத் 2006 டிசம்பரில் கொழும்பில் காணாமலாக்கப்பட்டமை தொடர்பான விசாரணையிலேயே அந்தக் கைது நடந்தது. உள்ளூராட்சி மன்றத் தேர்தலுக்கான வாக்களிப்பு மே 6ஆம் திகதி. சந்தேகநபரின் அரசியல் தரப்பு எமது மாவட்டத்தில் பிரசாரம் செய்துகொண்டிருந்த அந்த நாட்களில், விசாரணையைப் பற்றி அரசாங்கத் தரப்பிலிருந்தும் அவருடைய தரப்பிலிருந்தும் கருத்துகள் வந்தவண்ணம் இருந்தன. தேநீர்க் கடையிலும் பஸ்ஸிலும் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள்.

தேர்தல் வருகிறது என்பதற்காக விசாரணையை நிறுத்த வேண்டும் என்று நான் எண்ணவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக விடை தெரியாமல் இருக்கும் ஒரு குடும்பத்திடம், வாக்கெடுப்பு முடியும்வரை பொறுங்கள் என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. விசாரிப்பது ஒன்று, விசாரணையைப் பற்றிப் பேசுவது இன்னொன்று. அந்த இரண்டாவதற்கு எல்லை எங்கே போடப்பட வேண்டும் என்பதையே அறிய விரும்புகிறேன். சட்டத்துறையிலும் ஊடகத்துறையிலும் அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன்.

மட்டுநகர் சட்டத்தரணி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் விசாரணையையும் விசாரணையைப் பற்றிய பேச்சையும் வேறுபடுத்தியது மிகச் சரியானது. பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால், பொலிஸார் பேசக் கூடாது என்று சொல்பவர் குற்றவாளியைக் காப்பாற்ற முயல்கிறார் என்ற பழி உடனே வந்துவிடுகிறது.

என்னுடைய நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொலிஸார் விசாரணையைப் பற்றிப் பேச வேண்டிய இடம் நீதிமன்றம். தேர்தல் காலத்தில் மட்டுமன்றி எக்காலத்திலும் அதுவே விதியாக இருக்க வேண்டும்; தேர்தல் காலத்தில் அந்த விதி மீறப்பட்டால் ஏற்படும் சேதம் ஈடுசெய்ய முடியாததாகிவிடுகிறது என்பதே வேறுபாடு. தவறாகக் கைது செய்யப்பட்டவர் நாளை விடுவிக்கப்படலாம். பெட்டியில் விழுந்த வாக்கை எந்த நீதவானும் திருப்பிக் கொடுக்க முடியாது.

சாதாரண சட்டத்தின்படி கைது செய்யப்பட்ட ஒருவர் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தப்பட வேண்டும். அப்போது பொலிஸார் விசாரணையின் சாராம்சத்தை ‘பி’ அறிக்கையாகச் சமர்ப்பிக்கிறார்கள். அந்த அறிக்கையில் உள்ளதைச் சந்தேகநபரின் சட்டத்தரணி திறந்த மன்றில் மறுத்துரைக்கலாம், நீதவான் கேள்வி கேட்கலாம், ஊடகவியலாளர் இரு தரப்பையும் கேட்டு எழுதலாம். ஊடகச் சந்திப்பில் இவற்றில் எதுவும் இல்லை. அங்கே ஒலிவாங்கியின் முன் இருப்பவருக்கு எதிர்க் கேள்வி கேட்கச் சந்தேகநபர் தரப்பில் ஒருவரும் இல்லை. அவர் சொன்னது தவறு என்று பின்னர் தெரியவந்தாலும் பதிவேட்டில் திருத்தம் இல்லை.

இதனோடு எமது சாட்சியச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் சந்தேகநபர் அளித்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விலக்கிவைத்திருக்கிறது. பொலிஸ் காவலில் ஒருவரின் வாயிலிருந்து வரும் சொற்கள் எவ்வாறு வரக்கூடும் என்பதை நீண்ட அனுபவத்தால் அறிந்தே சட்டம் அவ்வாறு செய்தது. ஆனால், “விசாரணையில் அவர் இன்னதை ஒப்புக்கொண்டார்” என்று ஓர் அதிகாரியோ அமைச்சரோ தொலைக்காட்சியில் சொல்லும்போது, நீதிபதியின் காதுக்கு எட்டக் கூடாதென்று சட்டம் தடுத்த ஒன்று இலட்சக்கணக்கான வாக்காளர்களின் காதுக்கு எட்டுகிறது. குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை ஒருவர் சுத்தவாளியென ஊகிக்கப்பட வேண்டும் என்ற அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை நீதிமன்றத்துக்குள் மட்டும் உயிரோடு இருந்தால் போதுமா என்பதை மாணவர்கள் சிந்திக்க வேண்டும்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது நடந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது, ஏனெனில் அங்கே 72 மணித்தியாலத்துக்குப் பின்னர் அமைச்சரின் தடுப்புக்காவல் கட்டளை மூலம் 90 நாட்கள் வீதம் காவல் நீடிக்கலாம். நீதவான் முன் விவரங்கள் வந்து பதிவாகும் வாய்ப்பு அந்தக் காலத்தில் மிகக் குறைவு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைக்கூட அந்தச் சட்டம் சாட்சியமாக ஏற்கிறது. அதாவது, விசாரணை பற்றிய செய்திக்கு ஒரே ஊற்றுக்கண் காவலில் வைத்திருப்பவர்களே. தடுப்புக்காவலில் உள்ள ஒருவரின் மனைவிக்கும் சட்டத்தரணிக்கும் தெரியாத விடயங்களை இரவுச் செய்தி தெரிவிக்கும் நிலையை என் தொழில் வாழ்க்கையில் பலமுறை கண்டிருக்கிறேன். அவ்வாறான காவலில் இருப்பவர் எத்தகைய கடந்தகாலம் உடையவராயினும் எனது கருத்து மாறாது. எமது ஊரில் இதைச் சொல்வது இலகுவன்று என்பதும் எனக்குத் தெரியும்.

இனி உங்கள் மாணவியின் கேள்வி. அமெரிக்க நீதித் திணைக்களத்தில், தேர்தலுக்கு முந்திய ஏறத்தாழ 60 நாட்களில் வாக்கெடுப்பைப் பாதிக்கக்கூடிய பகிரங்க நடவடிக்கைகளைத் தவிர்ப்பது எழுதப்படாத வழக்கமாக இருந்து வந்தது. 2018 யூனில் வெளிவந்த அத்திணைக்களத்தின் கண்காணிப்பாளர் நாயகம் மைக்கேல் ஹொரோவிட்ஸின் அறிக்கை, கோமியின் முடிவுகள் அரசியல் பக்கச்சார்பினால் எடுக்கப்பட்டவை என்பதற்குச் சான்று காணவில்லை. ஆனால் அவர் திணைக்களத்தின் நெறிகளிலிருந்து விலகினார் என்றும், யூலை மாத அறிவிப்பைத் தம் மேலதிகாரிகளுக்கு மறைத்துச் செய்தது கீழ்ப்படியாமை என்றும் கண்டது. ஆகவே என் விடை: பிழை ஒக்டோபரில் தொடங்கவில்லை, யூலையில் தொடங்கியது. வழக்குத் தொடரப்படாத ஒருவரின் நடத்தையைப் பற்றித் தீர்ப்புப்போல் பேசியதே முதற்பிழை. அன்று பேசிவிட்டதால்தான், பின்னர் புதிய மின்னஞ்சல்கள் கிடைத்தபோது மௌனமாக இருப்பது மக்களை ஏமாற்றுவதாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. முதல் வார்த்தையைச் சொல்லாதவருக்கு இரண்டாவது வார்த்தையைச் சொல்லும் நெருக்கடி வராது.

சாய்ந்தமருது வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சட்டத்தரணி ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் நீதிமன்றத்தில் மட்டுமே பேச வேண்டும் என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அம்பாறை மாவட்டத்தில் வாழும் எங்களுக்கு, அதிகாரிகள் பேசியதால் வந்த துன்பமும் தெரியும், அவர்கள் உரிய நேரத்தில் பேசாததால் வந்த துன்பமும் தெரியும்.

2018 பெப்ரவரி 10ஆம் திகதி உள்ளூராட்சி மன்றத் தேர்தல் நடந்தது. அந்தப் பரபரப்பு தணியாதிருந்த அதே மாதம் 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கொத்து ரொட்டியில் கருத்தடை மாத்திரை கலந்து கொடுத்தார்கள் என்ற கதை பரவி, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது மாவுப்பொருள் மட்டுமே, கருத்தடை மருந்து எதுவும் இல்லை என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்பு வந்தபோது கடைகள் எரிந்து முடிந்திருந்தன. சில நாட்களில் கண்டி மாவட்டத்தின் திகன பக்கமும் வன்முறை பரவியது. அந்த இரவிலேயே, பொறுப்பான அதிகாரி ஒருவர் சிங்களத்திலும் தமிழிலும் தெளிவாக, “இது பற்றி எந்தச் சான்றும் இல்லை, மாதிரி பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளது, முடிவு வரும்வரை எவரும் எவரையும் குற்றஞ்சாட்டக் கூடாது” என்று பேசியிருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அவ்வாறு பேசுவது அவர்களுடைய கடமை. ‘பி’ அறிக்கைக்காகக் காத்திருக்கும் விடயமன்று அது.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னர் தேடப்படுவோர் எனப் பொலிஸார் வெளியிட்ட படங்களில் ஒன்று, எந்தத் தொடர்பும் இல்லாத, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியினுடையது. தவறு என்று பொலிஸார் அறிவித்தார்கள். அதற்குள் அந்தப் படம் உலகெங்கும் போய்விட்டது. மறுநாள், ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, எங்கள் ஊரிலேயே தாக்குதலை நடத்திய குழுவினர் பதுங்கியிருந்த வீட்டில் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பின்னர் வந்த வாரங்களில் எங்கள் பெண்கள் கடைத்தெருவுக்குப் போவதற்கே அஞ்சினார்கள். அந்த மே மாதத்தில் குருநாகல் போதனா வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டு பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது. தாய்மாரிடமிருந்து முறைப்பாடுகள் பகிரங்கமாகக் கேட்டுப் பெறப்பட்டன. நூற்றுக்கணக்கான பெண்கள் அச்சத்துடன் முறைப்பாடு செய்தார்கள். பின்னர் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அதற்கு ஆதாரம் இல்லை என நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அவ்வாண்டு நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடைபெற இருந்தது. தேசியப் பாதுகாப்பே அந்தத் தேர்தலின் முதன்மைப் பேச்சாக இருந்ததை எல்லோரும் அறிவோம். அந்தக் குற்றச்சாட்டைக் கேட்ட எத்தனை பேர், ஆதாரம் இல்லை என்ற அறிவிப்பையும் கேட்டார்கள்?

ஆகவே பேச வேண்டுமா, வேண்டாமா என்பதிலும் பார்க்க, எதைப் பேசலாம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருவரைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசுவதற்கு நீதிமன்றம் வரை பொறுத்திருக்க வேண்டும். ஒருவரையோ ஒரு சமூகத்தையோ குற்றத்திலிருந்து பிரித்துப் பேசுவதற்கு ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது. ஏற்கெனவே தவறாகப் பேசியிருந்தால், பேசிய அதே வாய், அதே நேரச் செய்தியில், அதே அளவு நேரம் எடுத்துத் திருத்திச் சொல்ல வேண்டும். கோமியின் இரண்டாவது கடிதத்தை இந்த அடிப்படையிலேயே நான் பார்க்கிறேன். வாக்களிப்புக்கு இரண்டு நாட்களுக்கு முன் அதை எழுதாமல் விட்டிருந்தால் முதற் கடிதம் செய்த அநீதி இரட்டிப்பாகியிருக்கும்.

களுவாஞ்சிக்குடி ஓய்வூதியர் எழுதியது:

பல தேர்தல்களில் வாக்கெடுப்பு நிலையங்களில் சிரேஷ்ட தலைமை தாங்கும் உத்தியோகத்தராகக் கடமையாற்றியவன் என்ற வகையில் ஒரு விடயத்தை மட்டும் சேர்க்கிறேன்.

‘தேர்தல் காலம்’ என்பதை எல்லோரும் கடைசி இரண்டு நாட்களாகவே எண்ணுகிறார்கள். வாக்களிப்புக்கு முந்திய 48 மணித்தியால மௌன காலம் பிரசாரத்துக்கானது. 2025 மே மாதத் தேர்தலில் அது 3ஆம் திகதி நள்ளிரவில் தொடங்கியது. ஆனால் தபால்மூல வாக்காளர்கள் ஏப்ரல் மாதப் பிற்பகுதியிலேயே வாக்களித்துவிட்டார்கள். ஆசிரியர்கள், பொலிஸார், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள் என ஊரில் மற்றவர்களுடைய எண்ணத்தில் செல்வாக்குச் செலுத்தக்கூடியவர்கள் அவர்கள். ஏப்ரல் மாத நடுப்பகுதியில் ஓர் அதிகாரி சொன்னதை மே மாதம் 2ஆம் திகதி திருத்தினால், அந்தத் திருத்தத்தால் அவர்களுடைய வாக்கில் எதையும் மாற்ற முடியாது. அமெரிக்காவிலும் கோமியின் முதற் கடிதம் வந்தபோது பல மில்லியன் பேர் முன்கூட்டியே வாக்களித்திருந்தார்கள். சகோதரி சொல்லும் திருத்தும் கடமை மிகவும் நியாயமானது, எனினும் திருத்தம் எப்போதும் சிலருக்கு எட்டாது என்பதையும் கணக்கில் எடுத்தால், சட்டத்தரணி ஐயா சொன்ன முதல் வார்த்தையைப் பற்றிய எச்சரிக்கையே மேலோங்கி நிற்கிறது.

வேட்புமனுக் கோரப்படும் நாளிலிருந்து பெறுபேறு வெளியாகும் நாள்வரை என்று அந்தக் காலத்தை வரையறுப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. அரசியலமைப்பின் 104இ உறுப்புரையின்படி, தேர்தற் கடமைக்காக ஆணைக்குழுவிடம் கையளிக்கப்படும் பொலிஸ் உத்தியோகத்தர்கள் ஆணைக்குழுவின் பணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டவர்கள். அதாவது, தேர்தல் காலத்தில் பொலிஸாரின் நடத்தை தேர்தலின் நேர்மையோடு பிணைந்தது என்பதைச் சட்டம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கிறது. வாக்குப்பெட்டிக்குக் காவல் நிற்கும் கொஸ்தாப்பலுக்கு உள்ள அந்தக் கட்டுப்பாட்டின் நோக்கம், கொழும்பில் ஒலிவாங்கியின் முன் அமரும் உயர் அதிகாரிக்கும் பொருந்த வேண்டும்.

படுவான்கரைச் செய்தியாளர் எழுதியது:

பிராந்தியச் செய்தியாளராக நீண்டகாலம் பணியாற்றி வருகிறேன். சட்டத்தரணி ஐயா விரும்பும் மௌனம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு என்று நினைக்கிறேன். ஊடகப் பேச்சாளர் வாய் மூடினால் பொலிஸ் நிலையம் வாய் மூடுவதில்லை. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் தொலைபேசியில் சொல்வார். மறுநாள் அது ‘நம்பத்தகுந்த பொலிஸ் வட்டாரங்கள்’ என்ற பெயரில் அச்சாகும். பெயரோடு பேசியவரிடம் பின்னர் விளக்கம் கேட்கலாம், பெயரில்லாதவரிடம் கேட்க முடியாது. அமெரிக்க விடயத்திலும், எப்படியும் தகவல் கசிந்துவிடும் என்ற அச்சம் ஒக்டோபர் மாத முடிவில் பங்கு வகித்ததாக எப்.பி.ஐ. அதிகாரிகள் சிலர் கண்காணிப்பாளர் நாயகத்திடம் கூறியிருந்தார்கள். கசிவைத் தண்டிக்காமல் பகிரங்கப் பேச்சை மட்டும் தடைசெய்தால், பொறுப்புள்ள பேச்சு நின்று பொறுப்பற்ற பேச்சு பெருகும்.

இதைச் சொல்லும்போதே, எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றை இங்கே பதிவுசெய்யாமல் இருக்க முடியவில்லை. 2018 நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டு, 2019 ஜனவரி 5ஆம் திகதி தேர்தல் என அறிவிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியிருந்தது. தேர்தல் வருமா வராதா என்று நாடே காத்திருந்தது. மாவீரர் நாள் முடிந்து இரண்டு நாட்கள்தான் சென்றிருந்தன. அப்போது, நவம்பர் 29ஆம் திகதி நள்ளிரவுக்குப் பின், வலையிறவுப் பாலத்துக்கு அருகே வவுணதீவுச் சோதனைச் சாவடியில் கடமையிலிருந்த இரண்டு பொலிஸ் கொஸ்தாப்பல்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர்.

சந்தேகம் உடனடியாக முன்னாள் போராளிகள் மீது திருப்பப்பட்டது. ஒருவர் கைதாகித் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். புலிகள் மீண்டும் தலைதூக்குகிறார்கள் என்ற பேச்சுக்கு அந்தக் கொலை சான்றாகக் காட்டப்பட்டது. புனர்வாழ்வு பெற்று, வயலும் மாடுமாகக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பலர் இங்கே வீட்டில் தூங்க அஞ்சினார்கள். ஐந்து மாதங்களுக்குப் பின்னர், சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, குழந்தைகள் உட்பட அத்தனை உயிர்கள் போன பிறகுதான், அந்த இரு கொஸ்தாப்பல்களையும் கொன்றவர்கள் உயிர்த்த ஞாயிறு தாக்குதலை நடத்திய சஹ்ரானின் குழுவைச் சேர்ந்தவர்கள் என்பது தெரியவந்தது. தடுப்புக்காவலில் இருந்தவர் 2019 மே மாதத்தில் விடுவிக்கப்பட்டார்.

தவறான முடிவொன்று பேச்சாகப் பரவி உறுதிப்பட்டதும், அதற்கு மாறான தடயங்களைத் தேடும் ஊக்கம் குறைந்துவிடுகிறது. எல்லோருக்கும் விடை தெரிந்துவிட்டது என்ற எண்ணத்தில் உண்மையான கொலையாளிகள் ஐந்து மாதங்கள் சுதந்திரமாக நடமாடினார்கள். உரிய விடை அந்த டிசம்பரிலேயே கிடைத்திருந்தால் உயிர்த்த ஞாயிறன்று என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை. முடிவை முந்திப் பேசுவது சந்தேகநபரையும் தேர்தலையும் மட்டுமல்லாமல் விசாரணையையே கெடுக்கிறது.

எனவே என் ஆலோசனை இதுதான். கைது நடந்தால், யார் கைதானார், எச்சட்டத்தின் கீழ், எங்கே வைக்கப்பட்டிருக்கிறார், எப்போது மன்றில் நிறுத்தப்படுவார் என்பவற்றை ஓர் அதிகாரி தன் பெயரோடு எழுத்தில் வெளியிட வேண்டும். இவை மறைக்கப்படவே கூடாது. காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் மாவட்டம் இது, கைதை இரகசியமாக்குவது எதற்கு வழிகோலும் என்பதை யாரும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதற்கு மேல், நோக்கம் என்ன, பின்னால் யார், எந்தக் கட்சி, என்ன ஒப்புக்கொண்டார் என்பவை பற்றி மன்றில் பதிவாகும்வரை ஒரு சொல்லும் வேண்டாம்.

கல்லடி ஆசிரியை எழுதியது:

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. செய்தியாளர் ஐயா வரையறுத்ததும் சாய்ந்தமருதுச் சகோதரி வரையறுத்ததும் ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன என்று நினைக்கிறேன். ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. பொலிஸார் இந்த ஒழுங்கைப் பின்பற்றினாலும், பொலிஸ் திணைக்களத்துக்குப் பொறுப்பான அமைச்சரோ, சந்தேகநபரின் சட்டத்தரணியாக இருக்கும் அரசியல்வாதியோ பிரசார மேடையில் அதே தகவலைச் சொன்னால் என்ன செய்வது? இவ்வாறான ஒன்றை ஒரு சாதாரண வாக்காளர் கண்டால் எங்கே முறையிடலாம்?

மட்டுநகர் சட்டத்தரணி எழுதியது:

சகோதரியின் எதிர்வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். அம்பாறையில் நடந்தது போன்ற சூழலில் பொலிஸார் மன்றுக்காகக் காத்திருக்கக் கூடாது; அங்கே அவர்கள் செய்வது விசாரணையைப் பற்றிய பேச்சன்று, அமைதியைக் காக்கும் கடமை.

அமைச்சர் பற்றிய உங்கள் சந்தேகம் மிக முக்கியமானது. பாராளுமன்றத்துக்குள் பேசுபவருக்குச் சிறப்புரிமைப் பாதுகாப்பு உண்டு. மேடையில் அது இல்லை. ஆனால் காவலில் உள்ளவர் சொன்னதாக ஒரு விடயத்தை அமைச்சர் மேடையில் அறிவிக்க முடிகிறதென்றால், விசாரணைக் கோப்பிலுள்ளது விசாரணை அதிகாரியைத் தாண்டி அரசியல் மட்டத்துக்குப் போயிருக்கிறது என்று பொருள். எனவே, தேர்தல் காலத்தில் அரசியல் தரப்பினர் சம்பந்தப்பட்ட விசாரணையின் உள்ளடக்கத்தை அமைச்சருக்கு அறிக்கையிடுவதையே கட்டுப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. சட்டமா அதிபருக்கும் நீதிமன்றத்துக்கும் தெரிந்தால் போதுமானது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணியைப் பொறுத்தவரை, தன் கட்சிக்காரருக்காகப் பேச அவருக்கு உரிமை உண்டு. ஆனால் காவலில் சந்தித்தபோது கேட்டதைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவது எமது தொழிலின் ஒழுக்கத்துக்கு ஏற்றதன்று என்றே நான் கருதுகிறேன். நான் எனது இளநிலைச் சட்டத்தரணிகளுக்கும் அதையே சொல்லி வந்திருக்கிறேன்.

முறையிடுவதற்கு இரு இடங்கள் உண்டு. பொலிஸ் உத்தியோகத்தரின் நடத்தை பற்றித் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தேர்தலின் நேர்மையைப் பாதித்தது என்று கருதினால், மாவட்டச் செயலகத்தில் இயங்கும் தேர்தல் முறைப்பாட்டு நிலையத்துக்கோ நேரடியாகத் தேர்தல் ஆணைக்குழுவுக்கோ எழுதலாம். எங்கே எழுதினாலும், பேசியவரின் பதவி, பேசிய திகதி, நேரம், ஒளிபரப்பிய ஊடகம், சொன்ன சொற்கள் என்பவற்றை அப்படியே குறியுங்கள். ஒளிப்பதிவு இருந்தால் பிரதியை இணையுங்கள். ‘இன்னாருக்கு எதிராகப் பேசினார்’ என்று பொதுவாக எழுதப்பட்ட முறைப்பாடுகள் பெரும்பாலும் கோப்போடு நின்றுவிடுகின்றன. உங்கள் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாக, கடந்த தேர்தல் காலத்துச் செய்தியொன்றை எடுத்து, அதில் நடந்தது எது, அதிகாரி ஊகித்தது எது என்று அடிக்கோடிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தத் தாள்களை எனக்குக் காட்டுங்கள். ஒருநாள் வகுப்புக்கு வந்து அவர்களோடு பேசுவதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.